பெரியம்மா என்றால் எந்தப் பெரியம்மா?
வாழ்க்கை வரலாறு எழுதுவோரின் கேள்விகளும் பதில்களும்

வீட்டாருக்காகத் தங்கள் வாழ்க்கையை எழுதிவைக்க விரும்பும் வாசகர்கள், எங்கே தடுமாறுகிறீர்கள் என்று எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

எனக்கு 74 வயது. நோட்டு வாங்கி மூன்று மாதம் ஆகிறது. "நான் 1951-ஆம் ஆண்டு பிறந்தேன்" என்ற வரியோடு நிற்கிறது. எங்கே தொடங்குவது?
– ஈசூன் வாசகர்

பிறப்பில் தொடங்கியதால்தான் நின்றுவிட்டது, ஐயா. பிறந்தது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. அந்த வரிக்கு அடுத்த வரியைப் பிறரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

நோட்டை மூடிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். ஏழெட்டு வயதில் நீங்கள் குடியிருந்த வீட்டின் தரைப்படத்தைப் பென்சிலால் போடுங்கள். கம்பத்துப் பலகை வீடோ, கடைவீட்டு மாடியில் தட்டி வைத்து மறைத்த அறையோ, வேலையிடத்தில் கொடுத்த குவாட்டர்ஸோ, எதுவானாலும் சரி. வாசல் எந்தப் பக்கம், அடுப்பு எங்கே, தண்ணீர்க் குழாய்க்கு எத்தனை எட்டு, வாளிக் கக்கூஸ் எங்கே என்று குறியுங்கள். கடைசியாக, இரவில் யார் எங்கே படுத்தார்கள் என்று பெயர் எழுதுங்கள். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கதவு திறக்கும். "இங்கே மாமா படுப்பார், அவர் ஏன் எங்கள் வீட்டில் இருந்தார்?", "அப்பா இடம் ஏன் இரவில் காலியாக இருக்கும்?" என்று வரிசையாக வரும். வரும்போதே படத்தின் ஓரத்தில் ஒற்றைச் சொல்லாகக் குறித்துக்கொள்ளுங்கள். விரித்து எழுதுவது பிறகு.

அரைமணி நேரத்தில் படம் முடியும். மறுநாளிலிருந்து ஒரு நாளுக்கு ஓர் இடம், 150 முதல் 200 சொல் போதும். வீட்டுக்குப் பிறகு தெரு, அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், பிறகு முதல் வேலையிடம் என்று அதே முறையில் படம் போட்டு எழுதலாம். காலவரிசையைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். தனித்தனித் தாளில் எழுதுங்கள், பிறகு சீட்டைக் கலைத்து அடுக்குவதுபோல அடுக்கிக்கொள்ளலாம். கட்டுப்போட்ட நோட்டில் அது முடியாது.

அநேகமாக எல்லாக் கையெழுத்துப் பிரதிகளிலும் "அந்தக் காலத்தில் ரொம்பக் கஷ்டப்பட்டோம்" என்று ஒரு வரி இருக்கும். எழுதியவருக்கு அந்த வரியில் முப்பது ஆண்டு இருக்கிறது, படிக்கும் பேத்திக்கு ஒன்றுமில்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "ஒரு முட்டையில் ஆம்லெட் போட்டு அம்மா ஐந்தாகக் கீறுவார். பெரிய துண்டு அப்பாவுக்கு. அப்பா பாதி தின்றுவிட்டு, பசியில்லை என்று மீதியை என் தட்டில் தள்ளுவார்." கஷ்டம் என்ற சொல்லே இதில் இல்லை. எழுதிய ஒவ்வொரு பக்கத்திலும் எண் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். வாடகை, சம்பளம், படிக்கட்டு, பிள்ளைகள், எதுவாகவும் இருக்கலாம். சம்பளத்தை எழுதினால் பக்கத்திலேயே அதே மாதம் அரிசிக்கு எவ்வளவு, கோப்பிக்கு எவ்வளவு என்றும் எழுதுங்கள். "மாதம் 120 வெள்ளி" என்று மட்டும் விட்டால் இன்றைய பிள்ளை அதை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு என்று எடுத்துக்கொள்ளும்.

அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் 1943 என்று இருக்கிறது. "குண்டு போட்டபோது நான் ஆறு மாசக் கைக்குழந்தை" என்று அம்மா சொல்கிறார். எதை எழுதுவது? மற்ற சம்பவங்களுக்கும் ஆண்டு தெரியவில்லை.
– தோ பாயோ வாசகி

இரண்டையும் எழுதுங்கள். அதன்பின் உங்கள் கணிப்பை எழுதுங்கள். சிங்கப்பூரில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 8 அதிகாலை. அதன்பின் 1942 பிப்ரவரி 15-ல் நகரம் வீழும்வரை விழுந்துகொண்டிருந்தது. ஆறு மாசக் குழந்தை என்றால் 1941 ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும். போர்க் காலத்தில் பிறப்பைத் தாமதமாகப் பதிந்ததும், பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் குறைத்துச் சொன்னதும் சாதாரணம். பிறந்த நாளே தெரியாமல், வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்லி வயதைத் தீர்மானித்த பள்ளிக்கூடங்களும் உண்டு. ஆகவே, "சான்றிதழில் 1943. அம்மா சொல்வது குண்டு விழுந்தபோது ஆறு மாதம். எங்கள் கணிப்பு 1941 நடுப்பகுதி" என்று மூன்றையும் அப்படியே போடுங்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால், பிற்காலத்தில் வேறு காகிதம் கிடைப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

அம்மாவிடம் "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். "அதற்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேளுங்கள். நம் ஊரில் எல்லாருக்கும் நினைவிருக்கும் நாள்கள் சில உண்டு: ஜப்பான்காரன் வந்தது, 1945 செப்டம்பரில் அவன் போனது, 1961 மே 25 புக்கிட் ஹோ சுவீ தீ, 1963-ல் டிவி வந்தது, 1964 ஜூலை 21 கலவரம், 1965 ஆகஸ்ட் 9 சிங்கப்பூர் தனி நாடானது, 1978 டிசம்பர் வெள்ளம், 1986 மார்ச் 15 சிராங்கூன் சாலை முனையில் ஹோட்டல் நியூ வோர்ல்ட் இடிந்து விழுந்தது, 1987 நவம்பரில் முதல் எம்ஆர்டி ரயில் ஓடியது. ஒரு நீளத் தாளில் இவற்றை முதலில் எழுதி இடைவெளி விட்டு வையுங்கள். கல்யாணம், வீடு மாறியது, சாவு எல்லாவற்றையும் அந்த இடைவெளியில் சொருகிக்கொண்டு வந்தால் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் தேதிகள் தாமாகவே வெளியே தெரியும். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு, பிரிட்டிஷ்காரர்கள் வெளியேறப் போவதாக அறிவித்த 1968 இன்னொரு நங்கூரம்.

கப்பலும் சாட்சி சொல்லும். ரஜூலாவில் வந்தேன் என்றால் 1970-களின் தொடக்கத்துக்கு முன்னால். சிதம்பரத்தில் வந்தேன் என்றால் அதற்குப் பின்னால், 1985-ல் அது தீப்பிடிப்பதற்கு முன்னால். பழைய கடப்பிதழ் கிடைத்தால் இன்னும் நல்லது, குடிநுழைவு முத்திரையில் நாளே இருக்கும். ஊரிலிருந்து வந்த நீல நிற வான்கடிதங்களில் எழுதியவர் தேதி போடாவிட்டாலும் அஞ்சல் முத்திரையில் பாருங்கள்.

இரண்டு இடங்களில் பலர் சறுக்குகிறார்கள். ஜப்பானியர் காலத்துக் காகிதங்களில் ஆண்டு 2602, 2603 என்று இருக்கும். அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள், 660-ஐக் கழித்தால் 1942, 1943. அடுத்தது ஜாதகக் குறிப்பு. அதில் தமிழ் ஆண்டின் பெயர்தான் இருக்கும், அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாரண ஆண்டு என்றால் 1944 ஏப்ரல் நடுவிலிருந்து 1945 ஏப்ரல் நடு வரை. ஆகவே தாரண ஆண்டு ஆவணி என்றால் 1944, தாரண ஆண்டு தை என்றால் 1945. மார்கழி நடுவிலிருந்து பங்குனி வரை பிறந்தவர்களுக்கு ஓர் ஆண்டு தவறிப்போவது இந்தக் கணக்கில்தான்.

ஊர்ச் சம்பவம் ஒன்றைச் சரிபார்க்க வேண்டுமானால், தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி இணையத்தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களைப் புரட்டலாம். தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் பழைய படங்களும் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளும் இருக்கின்றன. தமிழில் பேசியவர்களின் பதிவுகளும் அவற்றில் உண்டு. உங்கள் அம்மா வாழ்ந்த வட்டாரத்தின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

உறவுமுறை வைத்து எழுதினால் போதாதா? பெரியவர்களின் பெயரைச் சொல்லி எழுத மனம் வரவில்லை.
– உட்லண்ட்ஸ் வாசகர்

மரியாதை புரிகிறது. ஆனால் "பெரியம்மா கொடுத்த பணத்தில் கடை வைத்தோம்" என்று நீங்கள் எழுதுவது உங்கள் பெரியம்மாவை. படிக்கும் உங்கள் பேரனுக்கு அவனுடைய பெரியம்மா நினைவுக்கு வருவார். உறவுச் சொல் யார் வாயிலிருந்து வருகிறதோ அவருக்குத்தான் பொருந்தும். நாற்பது ஆண்டு கழித்து அந்தக் காகிதத்தில் யார் யார் என்று பிரிக்க ஆள் இருக்காது.

ஒவ்வொருவரும் முதன்முறை வரும் இடத்தில் முழுப் பெயர், உங்களுக்கு என்ன முறை, யார் வழியாக என்பதை எழுதிவிடுங்கள்: "என் அம்மாவின் மூத்த அக்கா, பெரியம்மா செல்லம்மாள்." அதற்குப் பிறகு அந்த அத்தியாயம் முழுக்கப் பெரியம்மா என்றே எழுதலாம், மரியாதைக்கும் குறைவில்லை.

புத்தகத்தின் பின்னால் ஆளுக்கு ஒரு குறிப்பு வையுங்கள். தமிழில் பெயர், அடையாள அட்டையில் ஆங்கில எழுத்தில் உள்ளபடி பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், தாய் தந்தை பெயர், பிறந்த ஊர், இறந்த ஊர், எதனால் எந்த வயதில் இறந்தார் என்பன வேண்டும். அடையாள அட்டைப் பெயர் எதற்கு என்று கேட்கலாம். பதிவு செய்த குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியதால், ஒரே தகப்பனின் மூன்று பிள்ளைகளுக்கு அப்பா பெயர் மூன்று விதமாக இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்த எழுத்துக்கூட்டல் இல்லாமல் பிற்காலத்தில் ஒரு காகிதத்தையும் தேடி எடுக்க முடியாது. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று தொடர்ந்து வருவதுமில்லை. தலைமுறைக்குத் தலைமுறை பெயரின் முன்னெழுத்து மாறிவிடும். "மு." என்பது முத்தையாவா முனியாண்டியா என்று எழுதியே ஆக வேண்டும்.

ஊரின் பெயரோடு அன்றைய ஜில்லாவையும் இன்றைய மாவட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். தாத்தா "தஞ்சாவூர் ஜில்லா மன்னார்குடி" என்றிருப்பார், இப்போது அது திருவாரூர் மாவட்டம். திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த கடையநல்லூர் இன்று தென்காசி மாவட்டம். பேத்தி ஒருநாள் ஊரைத் தேடிப் போனால் இது உதவும்.

சொந்தத்தில் கல்யாணம் நடந்த குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை. அக்கா மகளைக் கட்டியவர் ஒரே நேரத்தில் தாய்மாமனும் கணவரும் ஆகிறார். வம்சப்படம் போடும் செயலிகளில் அவரை இரண்டு முறை பதிந்துவிட்டால் இரண்டு ஆளாகி, கீழே பிள்ளைகளும் இரட்டிப்பாகிவிடுவார்கள். முதலில் கையால் பெரிய தாளில் போட்டு, ஆளுக்கு ஓர் எண் கொடுத்துவிட்டுக் கணினிக்குப் போங்கள்.

பாட்டிக்கு 88 வயது. எழுத முடியாது. கைபேசியில் பதிவு செய்ய நினைக்கிறேன். "என்னத்தச் சொல்றது, போ" என்கிறார். கொஞ்சம் மறதியும் இருக்கிறது.
– புக்கிட் பாத்தோக் வாசகி

"உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க பாட்டி" என்று கேட்டால் யாரும் அந்தப் பதிலைத்தான் சொல்வார்கள். ஒரு பழைய படத்தையோ, அவருடைய பித்தளைச் செம்பையோ கையில் கொடுத்து, "இது யார் வாங்கினது?" என்று கேளுங்கள். அவர் பேசி நிறுத்தியதும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் ஐந்து விநாடி சும்மா இருங்கள். நல்லது பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வருகிறது. "அப்புறம்?" என்ற ஒரு சொல் போதும். ஆமாம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகள் வேண்டாம். தவறாகச் சொன்னால் அங்கேயே திருத்தவும் வேண்டாம். திருத்தினால் அடுத்த முறை யோசித்து யோசித்துப் பேசுவார்.

மறதி உள்ளவரிடம் "ஞாபகம் இல்லையா?" என்று கேட்கவே கூடாது. நேற்று நடந்தது போய்விட்டாலும் சிறுவயது பல நாள் தங்கும். பாட்டு, தாலாட்டு, சமையல் வாசனை வழியாகப் போங்கள். காலையில், களைப்பில்லாத நேரத்தில், 15 நிமிடம். மறதி இல்லாதவர் என்றால் 40 நிமிடம் வரை போகலாம், அதற்குமேல் குரல் தளர்ந்துவிடும். சொன்ன கதையையே மறுபடி சொன்னால் மறுபடி பதிவு செய்யுங்கள். இரண்டாம் முறை ஒரு பெயர் கூடுதலாக வரும்.

கைபேசியைப் பறக்கும் நிலையில் போட்டு, நான்காக மடித்த துண்டின்மேல், பாட்டியின் வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில் வையுங்கள். மேசைமேல் நேராக வைத்தால் கோப்பை வைக்கும் சத்தம்கூட இடிபோல விழும். காற்றாடி எதிரியிலும் எதிரி. காதுக்குக் கேட்காது, பதிவில் பேச்சுக்கு அடியில் முழுக்க ஓடும். நடைபாதைப் பக்கத்து சன்னலைச் சாத்துங்கள். ஒரு நிமிடம் சோதனைப் பதிவு எடுத்து, காதொலிக் கருவி போட்டுக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தொடக்கத்தில் உங்கள் குரலில் நாள், இடம், பேசுபவர் பெயர், யார் யார் கூட இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுங்கள். கோப்புக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் வைத்தால் தாமாகவே வரிசையாக நிற்கும்.

எழுத்தாக்குவதுதான் வேலை. ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். குரல்வழித் தட்டச்சில் "தமிழ் (சிங்கப்பூர்)" என்ற தெரிவு கூகலில் இருக்கிறது. ஆனால் பாட்டியின் பதிவை அதற்கு நேரடியாகக் கேட்கவைத்தால் பாதி தப்பாக வரும். நீங்கள் காதில் கேட்டு, அதே சொற்களை நிதானமாகத் திருப்பிச் சொன்னால் நன்றாக வரும், நிறுத்தற்குறிகளைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றையும் எழுத நேரமில்லை என்றால், எந்த நிமிடத்தில் என்ன பேசினார் என்று ஒரு பக்கப் பட்டியல் மட்டும் போடுங்கள். பட்டியல் இல்லாத பத்து மணி நேரப் பதிவை யாரும் கேட்கப்போவதில்லை.

பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பு சிரமம். ஆங்கிலத்தில் எழுதிவிடலாமா?
– தெம்பனிஸ் வாசகர்

எந்த மொழியில் கனவு காண்கிறீர்களோ அதில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினால் உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தின் அளவுக்கு உங்கள் வாழ்க்கை சுருங்கிவிடும். தமிழில் எழுதி முடித்த பிறகு, பிள்ளைகளில் ஒருவரை உட்காரவைத்து நீங்கள் வாசிக்க அவர் ஆங்கிலமாக்கட்டும். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று அச்சடிக்கலாம். மொழிபெயர்க்கும்போது அவர் கேட்கும் சந்தேகங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அவையெல்லாம் நீங்கள் விளக்காமல் விட்ட இடங்கள், தமிழ்ப் பிரதியிலும் சேர்க்க வேண்டியவை.

ஒரு வேண்டுகோள்: பேச்சைச் செந்தமிழாக்காதீர்கள். தவுக்கே, கிராணி, கங்காணி, கித்தாமரம், கம்பம், பசார் என்று நீங்கள் புழங்கிய சொல்லை அப்படியே விடுங்கள். "முதலாளி", "எழுத்தர்" என்று மாற்றினால் அந்த ஆளே மாறிவிடுவார். பின்னால் இரண்டு பக்கத்தில் சொற்பொருள் கொடுத்தால் போதும்.

பெரியம்மா, தாத்தா தத்தெடுத்து வளர்த்த சீனக் குழந்தை. பெரியம்மாவுக்குத் தெரியும், அவர் பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்பாவின் இன்னொரு குடும்பம் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. எழுதாவிட்டால் பொய்யாகாதா?
– செம்பவாங் வாசகி

இது கடினமான கேள்வி, அம்மா. இரண்டும் வேறு வேறு.

சீனக் குழந்தைகளைத் தமிழர் தத்தெடுத்து வளர்த்தது சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பரவலாக நடந்தது. பத்திரம் இல்லாமல், கையில் வாங்கிய கையோடு நடந்தவையும் பல. அதில் மறைக்க ஏதுமில்லை என்று இன்று நாம் நினைக்கலாம். ஆனாலும் அது உங்கள் கதை அல்ல, பெரியம்மாவின் கதை. அவர் உயிரோடிருந்தால் அவரிடம் தனியாகக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் எழுதக் கூடாது. அவர் இறந்துவிட்டிருந்தால், அவர் பிள்ளைகளிடம் நேரில் உட்கார்ந்து சொல்லாமல் புத்தகத்தில் போடாதீர்கள். அச்சிட்ட பக்கத்தைப் படித்துத் தன் அம்மாவைப் பற்றித் தெரிந்துகொள்வது கொடுமை. அவர்களுக்குச் சொல்லியாக வேண்டிய காரணம் ஒன்று உண்டு: குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று மருத்துவர் கேட்கும்போது அவர்கள் தவறான பதிலைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதற்கும் நேரில் பேசுவதுதான் வழி.

அப்பாவின் விஷயம் உங்கள் வாழ்க்கையைத் தொட்டது, எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் கண்டது, உங்களிடம் பிறர் சொன்னது, நீங்களாக ஊகித்தது மூன்றையும் பிரித்துக் காட்டுங்கள். "மாதம் ஒருமுறை அப்பா ஜொகூருக்குப் போவார், அன்று அம்மா சமைக்கமாட்டார்" என்பது கண்டது. அதோடு நிறுத்தினாலே படிப்பவருக்குப் புரியும். தீர்ப்பு எழுதத் தொடங்கினால்தான் சகோதரர்களுக்குள் சண்டை வரும். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளின் பெயர்களைப் பின்னிணைப்பில் சேர்ப்பதாக இருந்தால் அவர்களையும் கேட்டுவிடுங்கள்.

உயிரோடிருப்பவர்மீது நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டு எதையும் எழுத வேண்டாம். வீட்டுக்குள் முப்பது பிரதி கொடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது பிரசுரம்தான், அவதூறு வழக்குக்கு இடமுண்டு. கோபத்தில் எழுதிய பக்கங்களைக் கிழிக்கவும் வேண்டாம். மூன்று மாதம் எடுத்து வைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், பாதியை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

பழைய ஆல்பத்தில் படங்கள் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கின்றன. எப்படி எடுப்பது, எப்படி ஸ்கேன் செய்வது?
– அங் மோ கியோ வாசகர்

பிளாஸ்டிக் தாளைத் தூக்கி ஒட்டும் பக்கத்தில் படத்தை வைக்கும் ஆல்பம்தானே? அந்தப் பசை நாளாக நாளாகப் படத்தின் முதுகைப் பிடித்துக்கொண்டு மஞ்சளாக்கும். நகத்தால் நெம்பாதீர்கள், மூலை கிழியும். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு, இரு கையாலும் அறுப்பதுபோல மெல்ல இழுத்துக்கொண்டு போங்கள். வராத படத்தை ஆல்பத்தோடு வைத்தே ஸ்கேன் எடுங்கள். சட்டகக் கண்ணாடியில் ஒட்டிய படத்தையும் உரிக்க வேண்டாம், கண்ணாடியோடு எடுங்கள். உரித்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும்.

அதே அளவில் அச்சடிக்க 300 டிபிஐ (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்ற கணக்கு) போதும், இரட்டிப்பாக்க 600. ஸ்டாம்பு அளவுப் படங்களுக்கு 1200. படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் யாரோ கிறுக்கிய பெயரும் அங்கேதான் இருக்கும். நீங்கள் பின்னால் எழுதுவதானால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா முன்பக்கம் புடைக்கும், மை அடுத்த படத்தில் ஒட்டும்.

பழைய கடிதத்தையும் சான்றிதழையும் லேமினேட் செய்வது பெரிய தவறு. பாதுகாப்பதாக நினைத்துச் செய்கிறார்கள், பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. துருப்பிடித்த குண்டூசியை எடுத்துவிட்டு, பாலிபுரோப்பிலீன் உறையில் போடுங்கள். வாசனை அடிக்கும் மலிவு பிவிசி உறை வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் பூசணம்தான் முதல் எதிரி. புகைப்படக்காரர்கள் கேமரா வைக்கும் உலர் பெட்டி ஒன்று வாங்கி 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்தால் நல்லது. அது இல்லாவிட்டால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல், மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

ஸ்கேன் செய்த படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், கோப்பாக இணைத்து அனுப்புங்கள்.

அம்மாவின் சமையல் குறிப்புகளைச் சேர்க்கலாமா? எல்லாம் "பால் டின்" கணக்கில் இருக்கிறது.
– பிடோக் வாசகி

கட்டாயம் சேருங்கள். அந்த டின் வீட்டில் இருந்தால் தண்ணீர் நிரப்பி மில்லிலிட்டரில் அளந்து ஒருமுறை குறித்துவிடுங்கள், பிறகு எல்லாக் குறிப்பிலும் டின் என்றே எழுதலாம். "ஒரு கைப்பிடி" என்றால் அம்மாவையே அள்ளிப்போடச் சொல்லி, தராசில் வைத்து எடை பாருங்கள்.

இருபது ஆண்டுக்கு முன் கணினியில் தமிழில் தட்டிவைத்த பக்கங்கள் இப்போது பொம்மை எழுத்தாகத் தெரிகின்றன. போய்விட்டதா?
– ஜூரோங் வாசகர்

போகவில்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு முந்திய எழுத்துருவில் தட்டியிருப்பீர்கள். எந்த எழுத்துரு என்று கோப்பில் பார்த்து, இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் ஒட்டினால் யூனிகோடாகிவிடும். மாற்றியபின் எண்களையும் ஆங்கிலச் சொற்களையும் சரிபாருங்கள், அவைதான் கெட்டுப்போகும். பழைய காகிதப் பிரதி இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

எழுதி முடித்துவிட்டேன். எத்தனை பிரதி போடுவது? நூலகத்துக்குக் கொடுக்க வேண்டுமா?
– பொங்கோல் வாசகர்

வீட்டுக்கு மட்டும் என்றால் மின்னச்சில் (டிஜிட்டல் அச்சில்) 20, 30 பிரதி போட்டுக்கொள்ளலாம். ஏ5 அளவில், கண்ணுக்கு இதமான எழுத்தில், பக்கத்துக்கு ஏறத்தாழ 200 சொல் வரும். 20,000 சொல் எழுதியிருந்தால் படங்களோடு 120 பக்கம் ஆகும். பசை போட்டு ஒட்டிய முதுகு நம் ஊர்ச் சூட்டில் சில ஆண்டில் விட்டுப்போகும், நூல் தையல் கேளுங்கள். அமிலமில்லாத் தாள் என்று சொல்லி வாங்குங்கள். பிள்ளைகள் எழுத வெற்றுப் பக்கம் நான்கைந்து பின்னால் விடுங்கள்.

பொதுமக்களுக்கு விற்கவோ வழங்கவோ வெளியிட்டால், வெளியான நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதியைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்குள் மட்டும் சுற்றும் புத்தகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பத்திரிகையில் வந்த படத்தையோ ஆவணக் காப்பகப் படத்தையோ சேர்த்திருந்தால் அச்சுக்கு முன்பே அனுமதி வாங்குங்கள்.

கோப்புகளை மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று வேறொருவர் வீட்டில் இருக்கட்டும். விரல் அளவுச் சேமிப்பானை மட்டும் நம்ப வேண்டாம். உங்கள் கூகல் கணக்கில் மட்டும் இருந்தால், இரண்டு ஆண்டு யாரும் திறக்காத கணக்கை அந்நிறுவனம் நீக்கிவிடலாம். உங்களுக்குப் பிறகு யார் திறப்பது என்பதைக் கணக்கின் அமைப்புகளில் இப்போதே குறித்துவிடுங்கள்.

முப்பதையும் ஒரேயடியாக அச்சுக்கு அனுப்பாதீர்கள். முதலில் ஒன்றே ஒன்று போட்டு, சிவப்புப் பேனாவோடு உங்கள் அக்காவிடமோ அண்ணனிடமோ கொடுங்கள். "இது நடக்கவே இல்லை" என்று அவர் ஓரத்தில் எழுதுவதை அழிக்க வேண்டாம். அடிக்குறிப்பாகப் போட்டு, பக்கத்தில் அவர் பெயரையும் போடுங்கள்.